விடியுமுன் வந்த பேருந்துகள்

பள்ளிப் பிள்ளைகளின் கல்விச் சுற்றுலாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அரசர்கள் படையெடுத்துச் சென்ற வழிகளை அம்புக்குறியிட்டுக் காட்டும் பாடநூல்கள், அவற்றைப் படிக்கும் பிள்ளைகள் ஆண்டுக்கொரு முறை பேருந்தேறிப் போய்வரும் வழியைக் கண்டுகொள்வதில்லை. சிவகாசி வட்டாரப் பள்ளிகளுக்கு அவ்வழிகள் நெடுங்காலமாகப் பெரிதும் மாறாதவை: மேற்கே குற்றாலம், வடக்கே மதுரைத் திருமலை நாயக்கர் மகாலும் கொடைக்கானலும், தெற்கே திருச்செந்தூரும் கன்னியாகுமரியும். இத்தெற்கு வழியில் 1987-ஆம் ஆண்டு புதிதாக ஒரு நிறுத்தம் சேர்ந்தது. தாமிரபரணிக் கரையூராகிய கொக்கிரகுளத்தில் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமம் திறந்த திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையமே அது. சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு வழியாகச் செல்லும் சுற்றுலாப் பேருந்துகள் அங்கே ஓரிரு மணி நேரம் நின்று, பிள்ளைகளை இறக்கி ஏற்றிக்கொண்டு கடலை நோக்கிப் போவது வழக்கமாயிற்று.

அந்த ஆண்டு நமக்கு வேறொரு வகையிலும் நினைவில் நிற்க வேண்டியது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1987-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் கொள்கை அறிவிக்கப்பட்டது. அக்கொள்கையின்கீழ்ச் சிறப்புத் திட்டம் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட ஒருசில இடங்களில் நமது சிவகாசியும் ஒன்று. ஆக, நடுவண் அரசின் ஒரு துறை நம் பிள்ளைகளின் கைகளைத் தொழிற்கூடத்திலிருந்து விடுவிக்க வழி தேடிய அதே ஆண்டில், மற்றொரு துறை பிள்ளைகள் தம் கைகளால் தொட்டு, திருப்பி, இழுத்து, அழுத்திப் பார்க்கும்படி ஓர் இல்லத்தை அடுத்த மாவட்டத்தில் கட்டித் திறந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் அக்காலத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. இன்றாவது சேர்த்துப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பகுதியில் பிள்ளைகளுக்காக விடியுமுன் பேருந்து வருவது சுற்றுலாவுக்கு மட்டும் என்றிருந்ததில்லை. 1970களிலும் 1980களிலும் அது அன்றாட வழக்கம். தீப்பெட்டி ஆபீசுகளிலிருந்து புறப்பட்ட பேருந்துகள் கோழி கூவுமுன் கரிசல் கிராமங்களைச் சுற்றி வரும். ஊருக்கு ஓர் ஏஜெண்டு. வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை எழுப்பி அனுப்புவது அவர் பொறுப்பு. பெற்றோர் கையில் முன்பணம் கொடுத்திருப்பார்கள். ஆதலால் எழுப்பினால் எழுந்துதான் ஆகவேண்டும். இருட்டில் ஏறிய பிள்ளை இருட்டிய பின்னரே வீடு திரும்பும். சுமிது கோத்தாரி என்னும் ஆய்வாளர் 1983-இல் எக்கனாமிக் அண்டு பொலிட்டிக்கல் வீக்லி இதழில் இதை விரிவாக எழுதினார். அமெரிக்கப் பேராசிரியர் மைரன் வீனர் 1991-இல் வெளியிட்ட நூலிலும் சிவகாசியின் பிள்ளைகள் இடம் பெற்றனர். சளம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் 1990-இல் வந்தது. உலகம் நம் ஊரை அறிந்தது இப்படித்தான்.

அங்கே அப்பிள்ளைகள் செய்த வேலையையும் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் இனி வருவதற்கு அது தேவை. கட்டை அடுக்குதல் என்பது அதன் பெயர். மரச்சட்டம் ஒன்று; அதில் வரிசை வரிசையாகப் பள்ளம் வெட்டிய கட்டைகள். பள்ளத்துக்கு ஒரு குச்சி வீதம் அடுக்கி, ஒரு கட்டை நிறைந்ததும் அதன்மேல் அடுத்த கட்டையை வைத்து, சட்டம் முழுதும் நிறைத்துத் திருகி இறுக்க வேண்டும். பிறகே அச்சட்டத்தைத் தூக்கிக் குச்சி முனைகளை மருந்தில் முக்குவார்கள். கூலி சட்டத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. மெல்லிய குச்சிக்குச் சிறு விரல் வாகானது என்று அக்காலத்தில் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் வாகானது விரலன்று, கூலி. சிறு கைக்குச் சிறு கூலி போதும் என்பதே அதன் பொருள்.

இதில் எண்ணிப் பார்க்கத் தக்க செய்தி ஒன்று உண்டு. சிவகாசியின் தீப்பெட்டித் தொழிலே ஒரு கல்விப் பயணத்தில் பிறந்தது. 1922-இல் ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்றார்கள். மழை பொய்த்த கரிசல் மண்ணில் பிழைப்புக்கு வழி தேடிய இளைஞர்கள் அவர்கள். அங்கே சில மாதங்கள் தங்கி, தீக்குச்சி செய்யும் தொழிலைக் கைப்படச் செய்து கற்றுக்கொண்டு, 1923-இல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். ஏட்டில் படித்து வந்ததன்று. பார்த்து, தொட்டு, கெடுத்து, மறுபடி செய்து கற்றது. தீப்பெட்டியிலிருந்து பட்டாசும், அவற்றுக்கு ஒட்டும் வண்ணத்தாள்களின் தேவையிலிருந்து அச்சுத் தொழிலும் வளர்ந்தன. கையால் கற்ற இருவரால் எழுந்த ஊரில், பிறகு வந்த பிள்ளைகளின் கைகளுக்குக் கற்றல் மறுக்கப்பட்டு வேலை மட்டும் மிஞ்சியது. இதற்கு எந்த ஒருவரையும் குற்றவாளியாக நிறுத்துவது எளிதன்று. வறட்சியும், சந்தைப் போட்டியும், பள்ளிக்கூடம் இல்லாத ஊர்களும், இருந்த பள்ளியில் ஆசிரியர் வராமையும் எல்லாம் அதில் பங்கு கொண்டன. எனினும், வந்த இலாபத்தை அனுபவித்தவர்களும் அதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருந்தவர்களும் இந்தப் பட்டியலுக்கு வெளியே இல்லை.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-இல் ஒரு தீர்ப்பும், 1996 டிசம்பர் 10-ஆம் நாள் விரிவான மற்றொரு தீர்ப்பும் வழங்கியது. ஆபத்தான தொழிலில் பிள்ளையை அமர்த்தியவர் பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் நல நிதியில் செலுத்த வேண்டும் என்றது இரண்டாவது தீர்ப்பு. சிறப்புப் பள்ளிகள் திறந்தன. 2009-இல் கல்வி உரிமைச் சட்டம். 2016-இல் 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்னும் திருத்தம். இதற்கிடையில் இயந்திரங்களும் வந்து குச்சி அடுக்கும் வேலையைப் பெருமளவு எடுத்துக்கொண்டன. விடியுமுன் வந்த அந்தப் பேருந்துகள் நின்றுபோயின. வீட்டுத் திண்ணைகளில் பிள்ளைகளின் கைவேலை அறவே ஒழிந்தது என்று எழுத மட்டும் நாம் துணியமாட்டோம்.

இனி அருங்காட்சியகத்துக்கு வருவோம்.

அருங்காட்சியகம் என்றதும் நம் தலைமுறைக்கு நினைவு வருவது கண்ணாடிப் பெட்டியும் 'தொடாதே' என்ற பலகையுமே. 1851-இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்துக்கு மக்கள் இட்ட பெயர் 'செத்த காலேஜ்'. விலங்குக் காட்சிசாலைக்கு 'உயிர் காலேஜ்'. அறிஞர்கள் ஏட்டில் எழுத இயலாத விமர்சனத்தைப் பாமரர் இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்கள். கொடைக்கானலுக்குச் செல்லும் நம் பள்ளிகள் தவறாமல் நிற்கும் செண்பகனூர் அருங்காட்சியகமும் இவ்வகையினதே. 1895-இல் அங்கே நிறுவப்பட்ட திரு இருதயக் கல்லூரியின் இயேசு சபைத் துறவிகள் பழனி மலையின் செடிகொடிகளையும் பூச்சிகளையும் பாம்புகளையும் பொறுமையாகச் சேர்த்துப் பதப்படுத்தி வைத்தார்கள். அருட்தந்தை ஆங்கிலாத் மலைப் பூக்களை ஒவ்வொன்றாக வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். அவ்வுழைப்பைக் குறைத்து மதிப்பிட நமக்கு மனமில்லை. ஆனால் பிள்ளைகள் அங்கே செய்யக்கூடியது வரிசையில் நடப்பதும் 'பாம்புடா' என்று காதோடு காதாகச் சொல்வதுமே.

வியப்பு என்னவெனில், அதே சபையைச் சேர்ந்த அத்தனாசியுஸ் கிர்க்கர் 1651-இல் உரோமைக் கல்லூரியில் அமைத்த காட்சிக்கூடம் இதற்கு நேர்மாறானது. அங்கே காந்தங்கள் இயங்கின; படவிளக்குச் சுவரில் உருவம் காட்டியது; சுவருக்குள் மறைத்த குழாய் வழியே கிர்க்கரின் குரல் வருபவரை வரவேற்றது. அவர் சொன்ன அறிவியலில் பாதிக்கு மேல் பிழை என்று இன்று கூறுகிறார்கள். இருக்கட்டும். வந்தவர்கள் கேள்வியோடு வெளியே போனார்கள் என்பதில் ஐயமில்லை. திருத்தூதர் தோமா தொட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்றபோது அவரை ஆண்டவர் விரட்டிவிடவில்லை என்பதை மறைக்கல்வியில் கற்பிக்கும் நாம், பிள்ளை ஒன்று பொருளைத் தொட்டால் கையில் அடிக்கிறோம்.

இலண்டனில் அரச நிறுவனம் எனப்படும் அறிவியல் கழகம் 1825 முதல் கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர்களுக்கென்று விரிவுரைகள் நடத்தி வருகிறது. அவற்றுள் புகழ் மிக்கது மைக்கேல் ஃபாரடே ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் மேசையில் வைத்துக்கொண்டு, எரிதல் என்றால் என்ன என்று ஆறு நாள் பேசியது. அவ்வுரைகள் 1861-இல் நூலாயின. ஃபாரடேயின் இளமை சிவகாசிக்கு அந்நியமானதன்று. கொல்லரின் மகன்; 13 வயதில் ஒரு புத்தகக் கடையில் எடுபிடி; அடுத்த ஆண்டு முதல் அங்கேயே நூல் கட்டும் தொழிலில் பயிற்சியாளர். நம் ஊர் அச்சகங்களின் பின்கட்டில் அவரைப் போன்ற சிறுவர்களை ஒரு காலத்தில் எங்கும் காணலாம். இதைச் சொன்னவுடன், பார்த்தீர்களா, சிறு வயதில் உழைத்தவன்தான் பெரிய ஆள் ஆனான் என்று தலையாட்டுவோர் உண்டு. அவர்கள் கதையை முழுதும் கேட்பதில்லை. அவருடைய முதலாளி, கட்ட வந்த நூல்களைப் படிக்க அவரை விட்டார். 1812-இல் கடை வாடிக்கையாளர் ஒருவர் ஹம்ஃப்ரி டேவியின் விரிவுரைகளுக்கு நான்கு நுழைவுச்சீட்டுகளை அவர் கையில் கொடுத்தார். கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, தாமே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு ஆய்வுக்கூடத்தில் உதவியாளரானார். அவரை உருவாக்கியது பிள்ளைப் பருவ உழைப்பன்று. அந்த நான்கு சீட்டுகள். ஒரு கல்விச் சுற்றுலாவின் மதிப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நாம் அறியோம்.

சிறுவர்களுக்கென்றே தனி அருங்காட்சியகம் முதன்முதலாக 1899 டிசம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் திறக்கப்பட்டது. ஜெர்மனியின் மூனிக் நகரில் 1903-இல் நிறுவப்பட்ட தாய்ச்சு அருங்காட்சியகம், பொத்தானை அழுத்தினால் இயங்கும் இயந்திர மாதிரிகளை வைத்தது. 1969-இல் சான்பிரான்சிஸ்கோவில் எக்ஸ்புளோரட்டோரியத்தைத் தொடங்கிய ஃபிராங்க் ஆப்பன்ஹைமரின் வாழ்க்கை சுவையானது. அணுகுண்டுத் திட்டத்தின் தலைவர் ராபர்ட் ஆப்பன்ஹைமரின் தம்பி. தாமும் அத்திட்டத்தில் பணியாற்றியவர். இளமையில் பொதுவுடைமைக் கட்சியில் இருந்ததற்காக 1949-இல் பல்கலைக்கழக வேலையை இழந்தார். பின்பு கொலராடோ மலைப்பகுதியில் மாடு வளர்த்துப் பிழைத்து, அங்குள்ள சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். பழைய சாமான்களைக் கொண்டு பிள்ளைகளுக்குச் சோதனைகள் செய்து காட்டிய அனுபவமே பின்னாளில் அக்காட்சிக்கூடமாக விரிந்தது. வெடிப்பின் பயனை உலகம் கண்ட பிறகு, அதில் கை வைத்த ஒருவர் பிள்ளைகளின் கைகளுக்கு அறிவியலைக் கொடுக்கத் திரும்பினார் என்பது பட்டாசு ஊரில் வாழும் நமக்குச் சிந்தனைக்குரியது.

இந்தியாவில் இவ்வியக்கம் தொடங்கியதும் கல்கத்தாவிலேயே. மூனிக் அருங்காட்சியகத்தைக் கண்டு வந்த மேற்கு வங்க முதலமைச்சர் பி.சி. ராய் கொண்ட ஆர்வத்தால், பிர்லா தொழில் தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1959 மே 2-ஆம் நாள் அங்கே திறக்கப்பட்டது. ஆனால் நகரத்துப் பிள்ளைக்கன்றோ அது எட்டும்? 1965-இல் அவ்வருங்காட்சியகத்தார் ஒரு பேருந்தில் காட்சிப் பொருள்களை ஏற்றிக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பிள்ளைகள் அருங்காட்சியகத்துக்கு வர இயலாவிடில் அருங்காட்சியகம் பிள்ளைகளிடம் போகட்டும் என்பது அவர்கள் எண்ணம். உலகின் பணக்கார நாடுகள் பலவற்றுக்குத் தோன்றாத இந்த ஏழையின் தீர்வை நாம் பெருமையோடு குறிப்பிடலாம். 1978-இல் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமம் தனி அமைப்பாயிற்று. பெருநகரங்களோடு நில்லாமல் பின்தங்கிய மாவட்டங்களிலும் சிறு மையங்கள் வேண்டும் என்று முடிவெடுத்து, 1982-இல் மேற்கு வங்கத்தின் வறண்ட புருலியாவில் முதல் மாவட்ட மையத்தைத் திறந்தார்கள். அவ்வரிசையில் வந்ததே திருநெல்வேலி. சென்னையில் கோளரங்கம் 1988-இல்தான் திறக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தென்பாண்டிப் பிள்ளைகள் இவ்வொரு காரியத்தில் தலைநகரப் பிள்ளைகளுக்குப் பின்தங்கிவிடவில்லை எனலாம்.

கொக்கிரகுளத்துக்கு நாமும் பள்ளிப் பிள்ளைகளோடு பலமுறை சென்றிருக்கிறோம். திறந்த வெளிப் பூங்காவில் நெம்புகோலும் ஊசலும் கப்பியும் விளையாட்டுக் கருவிகளாகவே நிற்கும். தன்னைத் தானே கயிற்றால் இழுத்து உயர்த்திக்கொண்ட பிள்ளை இறங்க மறுப்பதும், பின்னால் நிற்பவர் சண்டையிடுவதும் அங்கே அன்றாடக் காட்சி. பூங்காவிலிருந்து பிள்ளைகளை உள்ளே இழுத்து வருவதற்குள் ஆசிரியர்களின் தொண்டை வறண்டுவிடும்.

ஒருமுறை வேதியியல் செயல்விளக்கம் ஒன்றில் சுடரின் நிறங்களைக் காட்டினார்கள். உப்பைத் தூவினால் மஞ்சள், வேறொன்றைத் தூவினால் சிவப்பு, மற்றொன்றுக்குப் பச்சை. விளக்குபவர் பெயரைச் சொல்லுமுன், ஏழாம் வகுப்பில் படிக்கும் நம் பையன் ஒருவன் 'பேரியம்' என்றான். அவர் திகைத்துவிட்டார். ஏழாம் வகுப்புப் பாடத்தில் பேரியம் இல்லையே என்றார். இல்லைதான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. அதையொட்டி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்நாள்களில் திண்ணையில் பெரியவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுக் கற்ற வேதியியல் அது. மத்தாப்பின் பச்சைக்கு எது காரணம் என்று அவனுக்குத் தெரியும். அது ஏன் பச்சையாக எரிகிறது என்பதை அன்றுதான் முதன்முறையாக ஒருவர் அவனுக்குச் சொன்னார்.

இங்கே நாம் சொல்ல வந்ததன் மையத்துக்கு வந்துவிட்டோம். சிவகாசியைச் சுற்றியுள்ள வீடுகளில் வேதியியல் அடுப்பங்கரை வரை வந்திருக்கிறது. மணிமருந்து, வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் என்ற சொற்களைப் பிள்ளைகள் நடைபழகும் வயதிலேயே கேட்கிறார்கள். அவற்றின் 'ஏன்' மட்டும் யாரிடமும் இல்லை. விபத்து நேர்ந்த மறுநாள் நாளிதழைப் புரட்டுங்கள். மருந்துக் கலவையில் 'உராய்வு ஏற்பட்டு' வெடித்தது என்றே பெரும்பாலும் அச்சாகியிருக்கும். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் உதவிக்கு ஓடியவர்களும் என்ன நடக்கிறதென்று பார்க்கச் சென்றவர்களும் பலர். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றை எண்ணினால் கை சோர்ந்துவிடும். அடக்கத் திருப்பலிகளை நிறைவேற்றி நிறைவேற்றி, 'உராய்வு' என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு மனம் கசக்கிறது. யாரும் செய்யாத, தானாக நிகழ்ந்த ஒன்று போல அச்சொல் ஒலிக்கிறது. ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கலாகாது, ஒரு வேளைக்கு இத்தனை அளவுக்கு மேல் மருந்து கலக்கலாகாது என்று விதிகள் இருக்கின்றன. அவ்விதிகளுக்குக் காரணம் இருக்கிறது. அக்காரணத்தை அறிந்த தொழிலாளி, 'இன்னும் கொஞ்சம் போடு' என்னும் மேற்பார்வையாளரிடம் 'மாட்டேன்' என்று சொல்லும்போது அவருக்கு நிற்க ஓர் இடம் கிடைக்கும். அறியாதவருக்கு அது வெறும் பயமாக மட்டுமே இருக்கும். பயத்தைக் கூலி வென்றுவிடும்.

உராய்வு என்பது ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ வரும் ஒரு பாடம். சொரசொரப்பான பலகையிலும் வழவழப்பான பலகையிலும் ஒரே கட்டையை இழுத்துப் பார்த்து, கை சூடாவதை உணர்ந்த பிள்ளை அதை மறக்காது. பலகையில் எழுதிப்போட்ட வரையறையைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடும். வேறு ஊர்களில் இந்த மறதிக்கு இழப்பு சில மதிப்பெண்கள்.

கையால் கற்பிக்கும் பட்டறைகள் பெரிய கட்டடங்களை நம்பி இருப்பன அல்ல என்பதையும் வரலாறு காட்டுகிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வி முயற்சி தொடங்கியது. கிசோர் பாரதி என்னும் அமைப்பும், குவேக்கர் கிறிஸ்தவர்கள் நடத்திய ரசூலியா ஊரக மையமும் அதைத் தொடங்கின. 1982 முதல் ஏகலவ்யா நிறுவனம் அதை வளர்த்தது. 2002-இல் அம்மாநில அரசு அதை நிறுத்திவிட்டது நாட்டுக்கு நேர்ந்த இழப்பு. 1978-இல் அங்கே சென்ற அரவிந்த் குப்தா என்னும் இளம் பொறியாளர், வாரச் சந்தையில் சைக்கிள் வால்வு டியூப்பைக் கண்டார். அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, தீக்குச்சிகளை இருபுறமும் செருகி, முக்கோணம், சதுரம், கூம்பு, வீடு, பாலம் என்று கட்டலானார். அவருடைய தீக்குச்சி மாதிரிகள் நூலாகிப் பல இந்திய மொழிகளில் பரவின. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. நம் தமிழகத்தில் 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் இத்தகைய எளிய சோதனைகளை ஊர் ஊராகக் கொண்டு சென்றனர்.

நமது பங்கின் மன்றத்திலும் ஒரு விடுமுறையில் அப்படியொரு பட்டறை நடந்தது. ஆளுக்கு ஐம்பது தீக்குச்சி, கைப்பிடி அளவு வால்வு டியூப் துண்டுகள். பிள்ளைகளுக்கு மதிய உணவு சமைக்க வந்திருந்த அம்மா ஒருவர், வேலை முடிந்து ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பதைக் கடந்தவர். எட்டு வயது முதல் பள்ளிக்குப் போகாமல் கட்டை அடுக்கியவர். நீங்களும் செய்யுங்களேன் என்று இளைஞர் ஒருவர் அவர் முன் குச்சிகளைக் கொட்டினார். அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல்கள் பறந்தன. பிள்ளைகள் தம் வேலையை விட்டுவிட்டு அவரைச் சூழ்ந்து நின்றார்கள். "எப்படி ஆச்சி இவ்வளவு வேகமாச் செய்றீங்க?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. சதுரத்தை எடுத்து அழுத்தினார், சாய்ந்தது. முக்கோணத்தை அழுத்தினார், அசையவில்லை. மறுபடியும் அழுத்தினார். பிறகு நம்மைப் பார்த்து, "சாமி, நாலு குச்சி வச்சா சாயுது, மூணு வச்சா நிக்குது. எத்தனை லட்சம் குச்சி இந்தக் கையில போயிருக்கும்! இத ஒரு நாளும் கண்டதில்லையே" என்றார். அன்று மாலை அவர் அந்த முக்கோணத்தை முந்தானையில் முடிந்து எடுத்துச் சென்றார்.

பள்ளிச் சுற்றுலா இன்று நடக்கும் முறை பற்றியும் இரண்டு சொல் சொல்லாமல் விட இயலாது. பேருந்து ஒன்றுக்கு ஐம்பது, அறுபது பிள்ளைகள். இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். ஏனெனில் மாலைக்குள் கன்னியாகுமரி போயாக வேண்டும். தொட்டுப் பார்ப்பதற்கென்றே வைத்த கருவிகளின் நடுவே நின்று 'யாரும் எதையும் தொடக் கூடாது' என்று சீழ்க்கை ஊதும் ஆசிரியரை நாம் கண்டிருக்கிறோம். அவர்மீது குற்றமில்லை, எண்ணிக்கை குறையாமல் பிள்ளைகளை வீடு சேர்ப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. பட்டறை என்பது இருபது பேர் உட்கார்ந்து, கெடுத்து, திரும்பச் செய்ய வேண்டியது. அதற்கு அரை நாள் வேண்டும். ஐந்து இடம் பார்ப்பதற்குப் பதிலாக ஒரே இடத்தில் ஒரு நாள் தங்கும் துணிவு பள்ளி நிர்வாகங்களுக்கு வர வேண்டும். பெற்றோர் கேட்பார்கள்: இவ்வளவு பணம் கட்டி ஓரிடந்தானா? அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க இயலும். நாம் முயன்று பார்த்திருக்கிறோம்; முதல் ஆண்டு முணுமுணுத்தவர்கள் அடுத்த ஆண்டு தாமே வந்து கேட்டார்கள். சிலர் இன்றும் முணுமுணுக்கிறார்கள்.

பணம் கட்ட முடியாமல் நின்றுவிடும் பிள்ளைகளே பெரிய சிக்கல். ஒவ்வொரு வகுப்பிலும் சிலர் அன்று காய்ச்சல் என்று சொல்வார்கள். அது எந்தக் காய்ச்சல் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். பட்டாசு ஆலையில் நாள்கூலி பெறும் வீட்டுப் பிள்ளைகளே அவர்களுள் மிகுதி. அந்த உராய்வுப் பலகையை யார் முதலில் தொட வேண்டுமோ அவர்களே ஊரில் தங்கிவிடுகிறார்கள்.

இதற்கு நம் மாவட்டமே பழைய வழி ஒன்றை வைத்திருக்கிறது. விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலையை நடத்த, அவ்வூர் மக்கள் வீட்டுக்கு வீடு சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துச் சேர்த்தார்கள். பிடியரிசிப் பள்ளி என்றே அதற்குப் பெயர். காமராசர் படித்தது அங்கேதான். நமது பங்கின் அன்பியங்களில் கடந்த ஆண்டு இதைப் பேசினோம். அரிசிக்குப் பதிலாக உண்டியல் வைக்கலாம் என்றனர் இளையோர். அரிசிதான் வேண்டும், காசு என்றால் மறந்துவிடும், அரிசி என்றால் நாள்தோறும் பானையில் கை வைக்கும்போது நினைவு வரும் என்றனர் பெண்கள். அவர்கள் சொன்னதே நின்றது. மூன்று அன்பியங்கள் தொடங்கியிருக்கின்றன. மாதக் கடைசி ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் மன்றத்தில் அளந்து விற்கிறார்கள். கணக்கு எழுதுவது அந்தச் சமையல்கார அம்மாவின் மகள். வரும் சனவரியில் புறப்படும் பேருந்தில் இதுவரை பதினொரு பிள்ளைகளுக்கு இடம் உறுதியாகியுள்ளது. காலை நான்கரை மணிக்குப் பேருந்து கோவில் வாசலுக்கு வரும்.